சிவப்புப் பக்கத்தில் என் டோக்கன்

நவம்பர் 4, செவ்வாய்

குதிரைப் பந்தய நாள். நாடே டிவி முன்னால் உட்காரும் நேரத்தில் புது ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு வைத்த புண்ணியவதி யார் என்றால், நான்தான். அத்தனை பேர் கையும் மேசைக்கு அடியில், போனில். விடுவேனா? எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு ஹெல்மெட்டுக்குள் போட்டுவிட்டேன். பின்வரிசையில் ஒருவன், "டீச்சரம்மா, என் குதிரை!" என்று முனகினான். சைட்டில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கேலிதான், தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும்.

சொன்னது வழக்கமானதுதான். கீழே இறங்கும்போது உன் பெயர் பொறித்த பித்தளை டோக்கனைப் பலகையின் சிவப்புப் பக்கம் மாட்டு. மேலே வந்ததும் பச்சைப் பக்கம் மாற்று. சிவப்பில் ஒன்று தொங்கினால், கீழே ஓர் உயிர் இருக்கிறது. சுரங்கம் எதுவானாலும் இதுதான் வேதம். நம் கதை இன்னும் மோசம். பழைய வெள்ளிச் சுரங்கத்துக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு கூடம் செய்திருக்கிறோம். அதன் வாயைக் கான்கிரீட்டால் அடைத்து, பகலில் மிச்சமாகும் சூரிய மின்சாரத்தைக் கொண்டு காற்றை உள்ளே திணிக்கப் போகிறோம். டயருக்குள் ஓர் எறும்பு மாட்டிக்கொண்டு, மேலே இருந்து காற்றடித்தால் என்ன ஆகும்? "அந்த எறும்பு நீதான்," என்றேன். சிரிப்பு நின்றது.

"மறந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான் குதிரைக்காரன்.

"வேலை போயிடும். போன மாசம் ஒருத்தருக்குப் போச்சு."

ஸ்லாவ்கோ. இந்த ஊர்ச் சுரங்கங்களிலேயே தலை நரைத்தவன். டோக்கனைச் சிவப்பில் விட்டுவிட்டுப் போய், வீட்டில் மகளின் பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தான். இங்கே நாங்கள் கீழே விளக்கோடு தேடிக்கொண்டிருந்தோம். மேனேஜர் லாக்லன் எச்சரித்து விட்டுவிடலாம் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. அன்றைக்கே அனுப்ப வைத்தேன்.

சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் அவன் மனைவி இவானா என்னைப் பார்த்ததும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனாள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விதி என்றால் விதிதான்.

நவம்பர் 9, ஞாயிறு

தோழி டாட்டுடன் பௌல்ஸ் பயிற்சி. சனிக்கிழமை இரட்டையர் இறுதி ஆட்டம். எத்தனையோ வருஷமாகப் புல்தரையில் பந்து உருட்டுகிறோம், கோப்பை என்று ஒன்றைத் தொட்டதில்லை. டாட்டுக்கு இடுப்பு வலி. வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை.

"ஏண்டி, காத்தை அடைச்சு வெச்சு விக்கப் போறீங்களாமே? எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா அவர்கிட்டயே வாங்கியிருக்கலாம். ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் ஊருக்கே தாங்கும்."

சிரித்து முடித்துவிட்டு விளக்கினேன். எங்கள் ஊர் டன்ரீஃபுக்கு மின்சாரம் வருவது ஒற்றை வழியில், காட்டுக்குக் குறுக்கே நீளும் கம்பியில். சுற்றிலும் சூரியப் பண்ணையும் காற்றாலையும் இருந்தும் நடுப்பகலில் வாங்க ஆளில்லாமல் நிறுத்தி வைக்கிறார்கள். எல்லோரும் அடுப்பு மூட்டும் நேரத்தில் சூரியன் போய்விடுகிறது. அந்தப் பகல் மின்சாரத்தால் காற்றை அமுக்கி அடைத்தால், சாயங்காலம் திறந்துவிட்டு அதே காற்றால் சக்கரத்தைச் சுற்றலாம். மேலே ஒரு குளம் இருக்கிறது, ஒரு குழாய் அதைக் கூடத்தோடு சேர்க்கிறது. காற்று உள்ளே போகப் போகத் தண்ணீர் மேலே ஏறும், காற்று வெளியே வர வரத் தண்ணீர் இறங்கி அமுக்கும்.

"ஊருக்கு ஒரு ஸ்டெப்னின்னு சொல்லு," என்றாள் டாட். நான் அரைமணி நேரம் வகுப்பில் சொல்வதை இவள் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

நவம்பர் 15, சனி

ஜெயித்தோம். கோப்பையைத் துணி அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன். எழுதக் கை வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

எழுதியே தீர வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக நினைவு மாறிவிடும். என்னை எனக்குத் தெரியும்.

நேற்று மதியம் கீழே கான்கிரீட் அடைப்பின் கதவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது. மேலே ஏற்றும் கூண்டுக்கு வரிசை நின்றது. சர்வேயர் ஆல்வின், "பின்பக்கச் சரிவுப் பாதையில வண்டியில மேல போறேன். அப்படியே அடிலெய்டுக்கு, லீவு. கிளப்புல இறக்கிவிடவா?" என்றான். ஏறிவிட்டேன். அந்த வழியில் போனால் பலகை இருக்கும் அறையைத் தாண்ட வேண்டியதில்லை. அவன் தன் டோக்கனை மட்டும் ரேடியோவில் சொல்லிப் பச்சைக்கு மாற்ற வைத்தான். நான் கைப்பையில் தொப்பி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

என் கார் சைட்டிலேயே நின்றது. போன் கிளப் லாக்கரில். ஆல்வின் சிக்னலே இல்லாத நெடுஞ்சாலையில். ஷிப்ட் முடிந்து பலகையைப் பார்த்தால் சிவப்பில் என் பெயர். எப்படியும் நான் கீழேதான் என்று யாருக்கும் தோன்றும். எனக்கே தோன்றியிருக்கும். டோக்கனை மறப்பவளா டீச்சரம்மா?

மீட்புக் குழுவைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் ஊரில் இல்லை. அந்தக் கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவன் ஒருவன்தான். வேலை போனாலும் மீட்புக் குழுவில் அவன் பெயர் இருந்தது. ஸ்லாவ்கோ வந்தான். கூப்பிட்டதுமே வந்துவிட்டானாம்.

நான் அப்போது பந்து உருட்டிக்கொண்டிருந்தேன். சைரன் கேட்டது. கிளப்பின் பாரை நடத்தும் மெர்வ் வாசலில் நின்று, "சுரங்கத்துல யாரோ மாட்டிக்கிட்டாங்களாம்," என்றார். நான் என்ன சொன்னேன்? "யார் அந்த மடச் சாம்பிராணி?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பந்தை எடுத்தேன். நன்றாகவே விழுந்தது.

கோப்பையைக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மெர்வ் மறுபடியும் வெளியே வந்தார், கையில் கிளப் போன். என்னைப் பார்த்தபடியே போனில், "இல்ல, இங்கதான் நிக்கிறாங்க... ஆமா, பெரில் ட்ரெஸைஸ்தான்," என்றார்.

மெர்வ் என்னைக் காரில் சைட்டுக்குக் கொண்டுபோனார். வெள்ளைப் பாவாடை, வெள்ளைத் தொப்பியோடு இறங்கினேன். அதே நேரம் கூண்டு மேலே வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஸ்லாவ்கோ. தண்ணீர்க் குழாய் வாய்க்குள் ஊர்ந்துபோய்த் தேடியிருக்கிறான். முட்டி பிசகிவிட்டது. முகமெல்லாம் புழுதி, கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டான். அவ்வளவு சந்தோஷத்தோடு என்னை யாரும் பார்த்ததில்லை. பிறகுதான் என் உடையைப் பார்த்தான்.

லாக்லன் என்னை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். "அடுத்த மாசம் முதல் தடவையா காத்து அடைக்கணும். பணம் போட்டவங்க வர்றாங்க. பாதுகாப்பு அதிகாரியே டோக்கனை மறந்தாங்கன்னு வெளிய போனா நம்ம கதை முடிஞ்சுது. இது ஒரு டிரில், மீட்பு ஒத்திகை. யாருக்கும் சொல்லாம நீங்க நடத்தின டிரில். சரியா?"

தலையாட்டினேன். யோசிக்கும் முன்பே தலை ஆடிவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

"செம டிரில், டீச்சரம்மா!" காலையிலிருந்து இதேதான். ஃபோர்மேன் கார்மல் என் முதுகில் தட்டி, "எங்களையே அழ வெச்சுட்டீங்களே," என்றான். கோபமில்லை, மரியாதை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மத்தியானம் இறைச்சி அடைத்த பாஸ்டியும், கேரட்டும் சீஸும் துருவிய சீஸ் ஸ்லாவும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். சத்தியமாக. ஸ்லாவ்கோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"உள்ள உங்க பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே போனேன். பதில் இல்ல. செத்துட்டீங்கன்னே நெனச்சேன். வெளியூர்ல இருக்கற உங்க மகளுக்கு யார் சொல்றதுன்னு யோசிச்சேன்." என் பக்கம் திரும்பினான். "டிரில்லா அது?"

"ம்."

சொன்னது நான்தான். அந்த 'ம்' என் வாயிலிருந்துதான் வந்தது.

"எனக்கு வேலை போனது சரி. அது என் தப்பு. இது என்ன தப்புக்கு, பெரில்?"

பாஸ்டியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். அழுகை கூட எனக்காகத்தான், அவனுக்காக இல்லை. சீ.

நவம்பர் 21, வெள்ளி

சுரங்கப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். இவ்வளவு தத்ரூபமான பயிற்சியைத் தன் சர்வீசில் பார்த்ததில்லையாம். கைகுலுக்கினார். கையை இரண்டு தடவை கழுவினேன்.

நவம்பர் 27, வியாழன்

கிளப்பில் என் நடிப்புக்குப் பாராட்டு. "'யார் அந்த மடச் சாம்பிராணி'ன்னு கேட்டாங்களே, அங்க நிக்கிறாங்க டீச்சரம்மா!" என்று மெர்வ் எல்லோருக்கும் நடித்துக் காட்டுகிறார். நானும் சிரிக்கிறேன். சிரிக்காமல் என்ன செய்வது?

டாட் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்குக் கோப்பை உன் கையில எப்படி ஆடுச்சுன்னு நான் பாத்தேன்டி. நடிக்கிறவளுக்கு அப்படி ஆடாது."

"வேலை போயிடும், டாட்."

"ஸ்லாவ்கோவுக்குப் போச்சே."

"அவனுக்கு என்னைவிட வயசு கம்மி. எனக்கு இந்த வயசுல யார் குடுப்பா?"

"அதை அவன்கிட்டப் போய்ச் சொல்லு. கால்ல கட்டோட சும்மாத்தான் உக்காந்திருக்கான், கேப்பான்." இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

விதி என்றால் விதிதான் என்று இந்த மாதத் தொடக்கத்தில் எழுதியவள் யார்? பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான்.

டிசம்பர் 3, புதன்

 இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

இன்று சாயங்காலம் அடைப்பின் கதவை மூடுவதாக இருந்தது. நாளைக் காலை சூரியன் ஏறியதும் கம்ப்ரசர் ஓட்டம். கடைசியாக ஒருமுறை அளந்து பார்க்க ஆல்வின் கீழே போயிருந்தான். ஷிப்ட் முடிந்து எல்லோரும் பலகைக்கு முன்னால் கூடினோம். கதவை மூடுமுன் "பலகை காலி" என்று நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்கு மேல்தான் எதுவும் நடக்கும்.

சிவப்பில் ஆல்வினின் டோக்கன் தொங்கியது.

கார்மல் கைகொட்டிச் சிரித்தான். "இந்தத் தடவை ஏமாற மாட்டோம், டீச்சரம்மா! ஆல்வின் எந்த கிளப்புல ஆடிக்கிட்டிருக்கான்?"

இன்னொருவன், "அவன் வண்டி கூட வெளிய நிக்கலையே. அப்பவே அடிலெய்டு போயிருப்பான்," என்றான். வண்டியைக் கீழே சரிவுப் பாதையில்தானே விட்டிருப்பான்! அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. குளிக்கப் போக ஆரம்பித்துவிட்டார்கள். கார்மல் கையை நீட்டி டோக்கனை எடுத்துப் பச்சையில் மாட்டப் போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் கண்ணில் அது டோக்கனே இல்லை, டீச்சரம்மாவின் விளையாட்டு.

ரேடியோவில் கூப்பிட்டேன். பதில் இல்லை. "இது டிரில் இல்ல," என்றேன்.

"டிரில்லுல அப்படித்தானே சொல்வாங்க!" மறுபடியும் சிரிப்பு. லாக்லன் தள்ளி நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கத்தினேன் போல. "அன்னிக்கும் டிரில் இல்லடா! நான் டோக்கனை மறந்துட்டு பௌல்ஸ் ஆடப் போனேன். ஸ்லாவ்கோவை எதுக்கு வீட்டுக்கு அனுப்பினேனோ அதையே நான் பண்ணினேன். பண்ணிட்டு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். என்னை என்ன வேணா செய்யுங்க. ஆனா அவன் கீழ இருக்கான். போங்க!"

 குளிக்கப் போனவர்கள் தோளில் துண்டோடு நின்றார்கள். கார்மல் என்னையே பார்த்தான். போன மாதம் முதுகில் தட்டினானே, அந்தப் பார்வை இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனான். மற்றவர்களும் போனார்கள்.

ஆல்வின் கூடத்தின் கோடியில், திட்டிலிருந்து சறுக்கி விழுந்து கிடந்தானாம். கால் உடைந்து, ரேடியோ நொறுங்கி, அந்த வெக்கையில் பாதி மயக்கம். மேலே கொண்டு வந்தபோது தண்ணீர் கேட்டான். உயிருக்கு ஆபத்தில்லை.

யாரோ ஒருவர் நல்ல மனதோடு, "நீங்க கத்தலைன்னா அவ்வளவுதான்," என்றார். இல்லை. நான் பொய் சொல்லாமலிருந்தால் கத்தவே வேண்டியிருந்திருக்காது. பித்தளையைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நான். வாழ்நாள் முழுக்க வகுப்பெடுத்து, கடைசியில் அவர்கள் நன்றாகப் படித்துக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

டிசம்பர் 4, வியாழன்

ராஜினாமா செய்ய விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னதும் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதுவும் சரிதான். லாக்லனையும் விசாரிக்கிறார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ஸ்லாவ்கோ வீட்டுக்குப் போனேன். இவானா கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் ஊன்றுகோலோடு வந்து வலைக்கதவுக்குப் பின்னால் நின்றான். கதவைத் திறக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த 'ம்' பற்றியும். அவனை வேலையில் வைத்திருக்கலாம் என்று லாக்லன் சொன்னதையும், நான்தான் விடாப்பிடியாக நின்றதையும். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஊருக்கே தெரியும். ஆனாலும் என் வாயாலேயே வரட்டும் என்று நின்றான்.

"நான் உள்ள ஊர்ந்துக்கிட்டிருந்தப்ப நீங்க ஆடிக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்."

"எவ்வளவு?"

"இருபத்தொண்ணு, பத்தொம்பது."

ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "நல்லவேளை. தோத்தும் போயிருந்தீங்கன்னா என் முட்டி சுத்தமா வீணாப் போயிருக்கும்."

சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அவன் சிரிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. உள்கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.

டிசம்பர் 19, வெள்ளி

இன்று காற்றை அடைத்தார்கள். வேலிக்கு வெளியே ஊரோடு ஊராக நின்று பார்த்தேன். குளத்தில் தண்ணீர் விளிம்பு வரை ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "பலகை காலி" என்று ஒலிபெருக்கியில் கேட்டது ஸ்லாவ்கோவின் குரல். மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். முட்டி சரியாகும்வரை கீழே இறங்க முடியாது, பலகையைப் பார்த்துக்கொள்கிறான். பக்கத்தில் நின்றவர்கள் என்னை அடையாளம் கண்டு கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். இல்லை, நெரிசலாகக்கூட இருக்கலாம்.

ஜனவரி 23, வெள்ளி

பாஸ்டிக் கடையில் காலை வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் பேய்க்காற்று. கிழக்கே கம்பிக் கோபுரங்கள் சாய்ந்துவிட்டனவாம். மின்விசிறி நின்றது. போச்சு என்று எழுந்து உட்கார்ந்தேன். முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. வெளியே புழுதியில் எதிர்வீடு தெரியவில்லை. என் வீட்டில் ஃபிரிட்ஜ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடைத்து வைத்த காற்று வேலை செய்கிறது! நாங்கள் குடைந்த கூடம்! ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு 'நாங்கள்' என்று நினைத்ததற்கே கூசியது.

போன் அடித்தது. ஸ்லாவ்கோ. வலைக்கதவுக்குப் பிறகு அவன் பேசுவது இதுதான் முதல் தடவை.

"மீட்புக் குழுவிலேர்ந்து பேசறேன். தனியா இருக்கறவங்களை எல்லாம் விசாரிச்சுக்கிட்டிருக்கோம். எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான்."

"கரண்ட் இருக்கா?"

"இருக்கு. ஒரு தடவை போய்ட்டு வந்துடுச்சு."

"சரி. வெளிய எங்கயாவது போறதா இருந்தா சொல்லிட்டுப் போங்க. மறுபடி உங்களைத் தேட என்னால ஆகாது."

"சொல்லிட்டுப் போறேன்."

வைத்துவிட்டான். டாட்டுக்கு இடுப்பு மோசமாக இருக்கிறது, இந்தக் காற்றில் எப்படி இருக்கிறாளோ என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். திரும்பி வந்து ஸ்லாவ்கோவைக் கூப்பிட்டேன். டாட் வீட்டுக்குப் போகிறேன், ஆறு மணிக்குள் வந்துவிடுவேன் என்றேன். சரி, வந்ததும் ஒரு போன் பண்ணுங்க என்றான். பண்ணினேன்.